மரத்தை வெட்டாமல் ஆர்க்கிட் வளர்ப்போம்

(தொடர்கல்வி மையம் ஒன்றில் நடந்த மகளிர் கூட்டத்தில் பேசியது)



என் கையில் ஒரு செடி இருக்கிறது. பாருங்கள். இதற்குத் தொட்டி இல்லை. மண்ணும் இல்லை. இது ஒரு பழைய ஓட்டுத் துண்டு. அதன் மேல் கொஞ்சம் தேங்காய் நார். அதில் செடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான்கு ஆண்டுகளாக இப்படித்தான் வளர்கிறது. ஆண்டு தவறாமல் பூக்கிறது. இதன் பெயர் ஆர்க்கிட்.

"மண் இல்லாமல் செடி எப்படி வளரும்?" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன்.

மரமே வீடு

நம் நாட்டில் ஆர்க்கிட் செடிகள் நிறைய உண்டு. இந்தியத் தாவர ஆய்வுத் துறை 2019இல் ஒரு கணக்கு வெளியிட்டது. அதன்படி இந்தியாவில் 1,256 வகை ஆர்க்கிட்டுகள் இருக்கின்றன. இவற்றில் பாதிக்கு மேல் மரத்தின் மேல் வாழ்பவை.

அஸ்ஸாமில் ஓர் ஆர்க்கிட் உண்டு. அதன் பூங்கொத்து நரிவால் போலத் தொங்கும். பிஹு பண்டிகையில் நடனமாடும் பெண்கள் அதைக் கொண்டையில் சூடுவார்கள். அதுதான் அஸ்ஸாமின் மாநில மலர். அருணாசலப் பிரதேசத்துக்கும் அதுவே மாநில மலர். அந்தச் செடியும் மரத்தின் மேல்தான் வாழ்கிறது.

புல்லுருவியும் மரத்தின் மேல்தான் இருக்கிறது. ஆனால் புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் அப்படிச் செய்யாது. மரம் அதற்கு உட்காரும் இடம். அவ்வளவுதான்.

இதன் வேரைப் பாருங்கள். வெள்ளையாக இருக்கிறது அல்லவா? இப்போது தண்ணீர் தெளிக்கிறேன். பார்த்தீர்களா? பச்சையாக மாறுகிறது. வேரின் மேல் பஞ்சு போன்ற ஓர் உறை இருக்கிறது. மழை நீரையும் பனி ஈரத்தையும் அது இழுத்துக்கொள்ளும். பிறகு காற்றில் காய வேண்டும். எப்போதும் ஈர மண்ணில் கிடந்தால் இந்த வேர் அழுகிவிடும்.

ஒரு பூவுக்காக ஒரு மரம்

ஆர்க்கிட்டைக் கட்டி வளர்க்க ஒரு கறுப்புப் பலகை விற்பார்கள். நார் நாராக இருக்கும். அது எதிலிருந்து வருகிறது தெரியுமா? மரப்பெரணியிலிருந்து வருகிறது.

பெரணிச் செடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிணற்றுச் சுவரில், ஓடைக் கரையில் முளைக்கும். அதே இனத்தில் சில வகைகள் மரம் போல உயரமாக வளரும். அவைதான் மரப்பெரணிகள். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வடகிழக்கு மலைகளிலும் ஈரமான நிழலில் இவை வளர்கின்றன.

இவை மெதுவாக வளர்பவை. ஆள் உயரம் வரப் பல ஆண்டுகள் ஆகும். பெரும்பாலும் உச்சியில் ஒரே ஒரு குருத்துதான் இருக்கும். தென்னையைப் போலத்தான். உச்சியை வெட்டினால் மரம் செத்துவிடும். அடியை அறுத்துப் பலகையாக்கி விற்றுவிடுவார்கள்.

மரப்பெரணிகள் உலக அளவில் காக்கப்பட வேண்டியவை. அதனால் நாடு விட்டு நாடு விற்பதற்குப் பன்னாட்டு ஒப்பந்தம் ஒன்று கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அழகுக்கு ஒரு செடி வளர்க்கிறோம். அதற்காகக் காட்டில் ஒரு மரம் சாகலாமா?

நான் செய்த தவறு

அந்தப் பலகை வேண்டாம் என்று முடிவு செய்தேன். இளநீர்க் கடை வாசலில் பச்சை மட்டைகள் கிடந்தன. ஒன்றை எடுத்து வந்தேன். அன்றைக்கே செடியை வைத்துச் செம்புக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினேன்.

இரண்டு மாதத்தில் மட்டை நாறியது. வேர் கறுத்தது. செடி செத்தது. காசு கொடுத்து வாங்கிய செடி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என் மாமியார் ஆலப்புழைப் பக்கத்தில் பிறந்தவர். சிறு வயதில் கயிறு திரித்தவர். அவர் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, பச்சை மட்டையையா அப்படியே கட்டினாய்? மட்டையை ஊறப்போடாமல் எந்த வேலைக்கும் எடுக்கக் கூடாது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே."

"எனக்குத் தெரியாமல் போச்சே, அத்தை" என்றேன்.

செம்பும் செடிக்கு ஆகாது என்று பிறகு தெரிந்துகொண்டேன். வேருக்கு என்ன வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. அதுதான் என் பெரிய தவறு.

நான்கு கேள்விகள்

ஒரு பொருளில் ஆர்க்கிட்டைக் கட்டுவதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

1. வேர் பிடிக்கச் சொரசொரப்பு இருக்கிறதா?
2. கொஞ்ச நேரமாவது ஈரம் தங்குமா?
3. வேருக்குக் காற்றுப் படுமா?
4. சீக்கிரம் உளுக்காமல் இருக்குமா?

உப்பு, பெயின்ட், பூச்சி மருந்து பட்ட பொருளைத் தொடவே வேண்டாம். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மரக்கிளை: மா, பலா, புளி மரங்களைக் கவாத்து செய்யும்போது கிளைகள் கிடைக்கும். நன்றாகக் காயவிடுங்கள். ஓர் அடி நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். பட்டை கிளையோடு ஒட்டியிருக்க வேண்டும். கொய்யாவும் யூகலிப்டசும் வேண்டாம். அவற்றின் பட்டை உரிந்து விழும். பட்டையோடு செடியும் விழும்.

தேங்காய் மட்டை: முற்றிய, காய்ந்த மட்டையாக எடுங்கள். ஒரு வாரம் தண்ணீரில் ஊறவையுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். முதலில் தண்ணீர் பழுப்பாக வரும். அது தெளியும் வரை ஊறட்டும். பிறகு வெயிலில் காயவையுங்கள். மட்டை ஈரத்தை நன்றாகப் பிடித்து வைக்கும். வெயில் ஊருக்கு இது நல்லது. ஆனால் விடாத மழையில் வேர் அழுகும். அப்போது கூரைக்கு அடியில் தொங்கவிடுங்கள். மட்டை சில ஆண்டுகளில் உளுத்துப்போகும். வேறு மட்டைக்கு மாற்ற வேண்டும்.

ஓடும் மண்சட்டியும்: உடைந்த ஓடு, சட்டித் துண்டு எதுவும் உளுக்காது. காசும் இல்லை. ஆனால் சீக்கிரம் காயும். வெயிலில் சூடாகும். அதனால் ஊறவைத்த நாரை மெல்லிய படுக்கையாக வையுங்கள். நடுப்பகல் வெயில் படாத இடத்தில் மாட்டுங்கள்.

கரியும் செங்கல்லும்: கட்டி வளர்க்கத் தோதில்லாத செடிக்கு இவை உதவும். ஓட்டைகள் உள்ள தொட்டியில் அடுப்புக்கரி, செங்கல் துண்டுகளைப் போட்டு அதில் செடியை வைக்கலாம். விரல் கனத் துண்டுகள் போதும். தூளாக்க வேண்டாம்.

உயிருள்ள மரம்: உங்கள் வீட்டில் மாமரமோ தென்னையோ இருக்கிறதா? எல்லாவற்றிலும் நல்லது அதுதான். காலை வெயில் படும் பக்கமாக அடிமரத்தில் கட்டுங்கள். மரத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை.

கட்டும் முறை

புதிய வேர் முனை தெரியும்போது கட்டுங்கள். மழைக்காலத் தொடக்கம் நல்ல நேரம். பழைய பருத்திச் சேலையைக் கிழித்து நாடா போல எடுத்துக்கொள்ளுங்கள். செடி ஆடாமல் கட்டுங்கள். ஆடினால் வேரின் முனை உரசித் தேயும். வேர் பிடிக்காது. செடியின் அடியை நாரால் மூட வேண்டாம். மூடினால் தண்டு அழுகும். சில மாதங்களில் வேர் பிடித்துக்கொள்ளும். அதற்குள் துணியும் இற்று விழும். அவிழ்க்கும் வேலை இல்லை.

மண் இல்லாததால் செடி சீக்கிரம் காயும். கோடையில் தினமும் காலையில் தண்ணீர் தெளியுங்கள். இரவுக்குள் இலை காய்ந்துவிட வேண்டும். மழை நாளில் தெளிக்க வேண்டாம். வேரைப் பாருங்கள். பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள். வெள்ளையாக இருந்தால் தண்ணீர் கொடுங்கள். வேரே உங்களுக்குச் சொல்லும்.

செடி எங்கே வாங்குவது?

காட்டில் பறிக்காதீர்கள். அனுமதி இல்லாமல் பறிப்பது குற்றம். பறித்த செடிகளில் பல நம் வீட்டில் பிழைப்பதும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கன்றுகள் நர்சரிகளில் கிடைக்கின்றன. அவற்றை வாங்குங்கள். ஆர்க்கிட் ஆராய்ச்சிக்கென்றே அரசு 1996இல் சிக்கிம் மாநிலம் பாக்யோங்கில் ஒரு மையம் தொடங்கியது. இந்தப் பூவை வைத்துப் பல குடும்பங்கள் பிழைக்க முடியும் என்பதால்தான்.

சகோதரிகளே, ஆர்க்கிட் வேர் காட்டு மரத்தின் பெயரைக் கேட்பதில்லை. பிடிக்க இடம், கொஞ்சம் ஈரம், நிறையக் காற்று. இவற்றைத்தான் கேட்கிறது. அவை நம் கொல்லையிலேயே இருக்கின்றன. இன்று வீட்டுக்குப் போனதும் கொல்லையைச் சுற்றிப் பாருங்கள். ஒரு கிளை கிடைக்கும். ஓர் ஓடு கிடைக்கும். அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு பொருள் கொண்டு வாருங்கள். அந்த நான்கு கேள்விகளையும் சேர்ந்தே கேட்டுப் பார்ப்போம்.