சீமைப் பெருச்சாளியும் சீழ்க்கட்டியும்



சீமைப் பெருச்சாளி என்ற பெயரைக் கேட்டதும் உங்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். இரவு வேளையில் சாக்கடையோரமாக ஓடும் பெருச்சாளி அன்று இது. ஆங்கிலேயர் இதைக் கினிப் பன்றி என்பார்கள். இது பன்றியும் அன்று. கினி நாட்டுப் பிராணியும் அன்று. தென் அமெரிக்காவில், ஆண்டிஸ் மலைப் பிரதேசத்து மக்கள் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணவுக்காக வளர்க்கத் தொடங்கிய சாதுவான கொறிக்கும் பிராணி இது. வால் வெளியே தெரியாது, உருண்டையான உடல், வளர்ந்தபின் எடை ஒரு கிலோவுக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். கீரைக் கட்டைப் பிரிக்கும் சலசலப்புக் காதில் விழுந்தால் போதும், 'வீக் வீக்' என்று வீடே அதிரும்படி கூவும். நம் ஊர்களிலும் இப்பொழுது பல வீடுகளில் குழந்தைகள் இதைச் செல்லமாக வளர்க்கிறார்கள்.

இந்தப் பிராணிக்கு உண்டாகும் சீழ்க்கட்டியைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன். இவ்வளவு சிறிய விஷயத்துக்கு வானொலியில் ஒரு பேச்சா என்று நீங்கள் கேட்கலாம். நான் விலங்கியல் ஆசிரியன். 1882-ஆம் ஆண்டில் ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய அறிஞர் காசநோய்க் கிருமியை மெய்ப்பிப்பதற்குச் சீமைப் பெருச்சாளிகள் எவ்வாறு உதவின என்பதை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிக் கொடுத்தவன். அப்படிப்பட்ட என் கையாலேயே ஒரு சீமைப் பெருச்சாளி உயிரிழந்தது. அது நேர்ந்த விதத்தைச் சொன்னால் உங்களில் யாருக்கேனும் பயன்படும்.

என் தமக்கையின் மகன் அப்பொழுது எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். இரண்டு பெட்டைகளை வளர்த்தான். பழுப்பு நிறமுள்ளதற்கு வெல்லம் என்றும், கறுப்பு நிறமுள்ளதற்கு எள்ளு என்றும் பெயர். ஒருநாள் மாலை நான் அங்கே போனபோது, வாசலிலேயே என்னை மறித்துக்கொண்டான். "மாமா, வெல்லத்துக்குக் கழுத்திலே ஏதோ உருண்டையா இருக்கு, வந்து பாருங்களேன்" என்றான். கையில் எடுத்துப் பார்த்தேன். தாடைக்குக் கீழே, வலப்புறத்தில், கொட்டைப் பாக்களவு ஒரு கட்டி. பிராணி நன்றாகத்தான் தின்றுகொண்டிருந்தது.

வீட்டிலிருந்த பாட்டி, "கட்டிதானே? அரிசிமாவும் மஞ்சளும் கிண்டிப் பற்றுப் போடுங்கள், பழுத்து உடைந்தால் சரியாகிவிடும்" என்றார். நமக்கெல்லாம் அப்படித்தானே செய்து வந்தார்கள்? நானும் தலையை ஆட்டினேன். மூன்றாம் நாள் கட்டி உடைந்தது. மோர்க்குழம்பு போலக் கெட்டியான சீழ் கூண்டில் பரப்பியிருந்த வைக்கோலெல்லாம் வழிந்திருந்தது. உடைந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று எல்லோரும் மகிழ்ந்தோம்.

அத்துடன் விட்டிருக்கலாம். ஆனால் புண்ணில் கிருமி தங்கிவிடக் கூடாதே என்று எனக்கு ஒரு முன்யோசனை தோன்றிற்று. பையனுக்குத் தொண்டை வலி கண்டபோது வாங்கிய அமாக்ஸிஸிலின் மருந்து குளிர்பெட்டியில் மீதமிருந்தது. பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்த மருந்து, குழந்தைகளுக்கே கொடுப்பது. பிராணியைத் தராசில் நிறுத்து, எடைக்குத் தக்க அளவைக் கணக்கிட்டு, இரண்டு வேளையும் சொட்டுச் சொட்டாக வாயில் விடச் சொன்னேன். என் கணக்கில் பிழை எதுவும் இல்லை. மூன்றாம் நாள் வெல்லம் தீனியைத் தொடவில்லை. ரோமம் சிலிர்த்துக்கொண்டு மூலையில் குன்றி உட்கார்ந்தது, பேதியாயிற்று. ஐந்தாம் நாள் காலையில் கூண்டில் விறைத்துக் கிடந்தது. கட்டி அதைக் கொல்லவில்லை. மருந்துதான் கொன்றது.

இதன் காரணம் அந்தப் பிராணியின் வயிற்றில் இருக்கிறது. சீமைப் பெருச்சாளி புல் தின்று வாழ்வது. அதன் பெருங்குடலின் தொடக்கத்தில் ஒரு பெரிய பை உண்டு. நல்ல நுண்ணுயிர்கள் கோடிக்கணக்காக அங்கே குடியிருந்து, புல்லின் நாரைப் புளிக்கவைத்து உணவாக்கித் தருகின்றன. பெனிசிலின் இனத்து மருந்துகள் இவற்றில் பெரும்பகுதியை அழித்துவிடுகின்றன. இடம் காலியானதும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்னும் கிருமி பெருகி, நஞ்சைச் சுரக்கிறது. குடல் அழற்சி கண்டு, சில நாட்களுக்குள் பிராணி மாண்டுபோகிறது. வாய்வழி கொடுத்தாலும் ஊசிவழி கொடுத்தாலும் இந்த அபாயம் உண்டு. லின்கோமைசின், கிளிண்டமைசின், எரித்ரோமைசின் ஆகியவையும் இதே ஜாதிதான்.

1940-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் நாள், ஆக்ஸ்போர்டில் ஃபுளோரி என்னும் அறிஞரின் குழுவினர் எட்டுச் சுண்டெலிகளுக்குக் கொடிய கிருமியைச் செலுத்தி, அவற்றில் நான்குக்கு மாத்திரம் பெனிசிலின் கொடுத்தார்கள். மருந்து பெறாத நான்கும் மறுநாளைக்குள் மடிந்தன. நவீன மருத்துவத்தின் பெரிய கதை அங்கேதான் வேகம் பிடித்தது. சீமைப் பெருச்சாளிக்குப் பெனிசிலின் விஷமாகும் என்பது 1943-இல் வெளியாயிற்று. அன்று கூண்டில் இருந்தவை சுண்டெலிகளாக இல்லாமல் சீமைப் பெருச்சாளிகளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! மருந்தின் மேல் அவர்களுக்கு நம்பிக்கை பிறந்திருக்குமோ என்னவோ. இந்த வேடிக்கையான செய்தியை நான் எப்பொழுதோ படித்தும் இருக்கிறேன். சமயத்துக்கு அது நினைவுக்கு வரவில்லை.

மூன்று வாரம் கழித்து எள்ளுவின் கழுத்திலும் அதே இடத்தில் கட்டி கண்டது. இம்முறை பையன் என்னைக் கூப்பிடவில்லை. தன் தாயாரை அழைத்துக்கொண்டு, சிறு பிராணிகளுக்குச் சிகிச்சை செய்து பழக்கமுள்ள கால்நடை மருத்துவர் ஒருவரைத் தேடிப் பேருந்தில் மூன்று மணி நேரம் பிரயாணம் செய்யப் புறப்பட்டான். வேண்டாம் என்று அவன் சொல்லாததால், நானும் கூடச் சென்றேன்.

அந்த மருத்துவர் அம்மையார் முதலில் கேட்ட கேள்வி, "கூண்டில் என்ன பரப்புகிறீர்கள்?" என்பதே. நெல் வைக்கோல் என்றோம். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும் அல்லவா, அதைச் சொல்லி அவர் விளக்கினார். உடம்பில் ஆங்காங்கே நிணநீர் முடிச்சுக்கள் காவல் இருக்கின்றன. வாயில் சிறு கீறல் ஏற்பட்டு அதன் வழியே கிருமி நுழைந்தால், கழுத்திலுள்ள முடிச்சுக்கள் அதைத் தடுத்து நிறுத்தப் போராடும். முரட்டு வைக்கோலின் ஓரமும், பதரின் கூர்மையான முனையும் சீமைப் பெருச்சாளியின் வாயின் உட்புறத்தை எளிதில் கீறிவிடும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனத்துக் கிருமி ஒன்று இந்தக் கழுத்துக் கட்டிக்குப் பெரும்பாலும் காரணம். வெல்லத்தின் சீழ் வழிந்த கூண்டிலேயே எள்ளுவையும் இருக்கவிட்டோமே, அதனால் நோய் இதற்கும் தொற்றியிருக்கக்கூடும் என்றார். அருமையாக மனிதருக்கும் இது தொற்றுவதுண்டாம். ஆகையால் வீட்டில் முதியவர்கள் இருந்தால் கையுறையும் சோப்பும் அவசியம் என்றார். பாட்டியை நினைத்து எனக்குத் திக்கென்றது.

கட்டி என்று தோன்றுவதெல்லாம் சீழ்க்கட்டி அன்று. ரோமக்கால்களில் வளரும் கழலைகள் உண்டு. அவை முதுகின் பின்புறத்தில் அதிகமாகக் காணப்படும். நிணநீர் முடிச்சுக்களில் வரும் புற்றுநோயும் உண்டு. எனவே மருத்துவர் மெல்லிய ஊசியால் சிறிது உறிஞ்சியெடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் பார்த்தார். சீழ் என்று உறுதியானபின், எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று அறிய ஒரு பகுதியைப் பரிசோதனைக்கு அனுப்பினார். பல்லின் வேரிலிருந்து புறப்பட்ட கட்டியா என்று தெரிந்துகொள்ள எக்ஸ்ரே படமும் எடுத்தார். சீமைப் பெருச்சாளியின் 20 பற்களும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை, வேரில் சீழ் பிடித்தால் தாடை எலும்பையும் அரித்துவிடும், குணப்படுத்துவது கடினம், மீண்டும் மீண்டும் வரும். எள்ளுவுக்கு அந்தத் துர்ப்பாக்கியம் இல்லை.

அடுத்து ரண சிகிச்சை. இந்தப் பிராணியின் கட்டியைச் சுற்றி உடம்பு ஒரு தடித்த உறையைக் கட்டிவிடுகிறது. உள்ளே சீழ் கெட்டியாக இருக்கும். ஆகவே வெறும் மருந்து அதற்குள் சரியாக நுழைவதில்லை. தானே உடைந்தாலும் முழுவதும் வெளியேறுவதில்லை. மேல்தோல் மூடிக்கொள்ளும், அடியில் சீழ் மறுபடி ஊறும். பற்றுப் போட்டுப் பழுக்கவைக்கும் நம் வழக்கம் இங்கே பலிக்காததற்குக் காரணம் அதுதான். உறையோடு சேர்த்து முழுக் கட்டியையும் எடுத்துவிடுவது உத்தமம். ஆனால் கழுத்தில் பெரிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. எள்ளுவின் கட்டி அவற்றை ஒட்டியிருந்ததால், மயக்கமூட்டி, கட்டியைத் தாராளமாகத் திறந்து, சீழை வழித்தெடுத்து, உப்பு நீரால் கழுவி, தையல் போடாமல் வாயைத் திறந்தபடியே விட்டுவிட்டார். புண் அடியிலிருந்து மேல்நோக்கி ஆறவேண்டும் என்பது கருத்து. மனிதருக்குச் செய்வதுபோல் முன்னாள் இரவு முழுதும் பட்டினி போடச் சொல்லவில்லை. சீமைப் பெருச்சாளியால் வாந்தியெடுக்க முடியாது. அதன் குடல் நெடுநேரம் வேலையின்றி இருந்தாலோ அதுவே ஆபத்து.

வீட்டுக்கு வந்தபின் பன்னிரண்டு நாள் நடந்ததுதான் எனக்கு வியப்பு. மருத்துவர் கொடுத்த உப்பு நீரை ஊசியில்லாத பீச்சுக்குழலில் எடுத்து, காலையும் மாலையும் அந்தப் பையனே புண்ணைக் கழுவினான். பிராணியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து நான் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் என் பங்கு. மேல்தோல் அவசரமாக ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டான். முதல் இரண்டு நாள் எள்ளு சரியாகத் தின்னவில்லை. தீவனக் குச்சிகளை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, சிறிது சிறிதாக வாயோரத்தில் ஊட்டினான். வலி தணிக்கும் மருந்தும், இந்தப் பிராணி தாங்கக்கூடிய கிருமிகொல்லி மருந்தும் அம்மையார் எழுதிக் கொடுத்தபடி நடந்தன. அதன் பெயரையும் அளவையும் நான் இங்கே சொல்லப் போவதில்லை. மருந்தின் பெயரைத் தெரிந்துவைத்திருந்ததால் வந்த வினையை மேலே சொன்னேன் அல்லவா?

ஒவ்வொரு நாளும் சமையலறைத் தராசில் நிறுத்து, எடையை ஒரு நோட்டில் எழுதினான். இது மருத்துவர் சொன்ன யோசனை. இரையாகும் பிராணிகள் நோயை மறைத்துக்கொள்ளும் சுபாவமுள்ளவை. கண்ணுக்குத் தெரியுமுன் தராசுக்குத் தெரிந்துவிடும். முதல் நாள் 840 கிராம். மூன்றாம் நாள் 795. அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆறாம் நாள் 810. அன்று கொத்தமல்லிக் கட்டைப் பிரித்தபோது, பல நாட்களுக்குப் பின் 'வீக்' என்ற குரல் கேட்டது.

கொத்தமல்லி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மனிதரைப் போலவே சீமைப் பெருச்சாளியும் தன் உடம்பில் வைட்டமின் சி-யை உண்டாக்கிக்கொள்ள முடியாத பிராணி. நார்வே நாட்டில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் 1907-இல் வெறும் தானியத்தை ஊட்டி இதற்கு ஸ்கர்வி நோய் உண்டாக்கிக் காட்டினார்கள். இந்தச் சத்துக் குறைந்தால் ஈறு கெடும், புண் ஆறாது, கிருமியை எதிர்க்கும் வலிமை குன்றும். தினந்தோறும் சிறிது குடைமிளகாயோ கொத்தமல்லியோ கொடுத்தால் போதுமானது. கடையில் விற்கும் தீவனத்தில் இச்சத்தைச் சேர்த்திருந்தாலும், நம் வெப்பத்தில் நாள்பட்டால் அது குறைந்துவிடுகிறது.

வைக்கோலை மாற்றிவிட்டோம். இப்பொழுது கூண்டில் பழைய துணி விரிப்பு. தின்பதற்கு மென்மையான உலர்ந்த புல், அதையும் பையன் விரலால் உதறிப் பதரை நீக்கிய பிறகே போடுகிறான். கூண்டைக் கொதிநீராலும் கிருமிநாசினியாலும் கழுவினோம். எள்ளு தனியே வாடக்கூடாதென்று, புண் முற்றும் ஆறி, இரண்டு மாதம் வேறு கட்டி எழவில்லை என்று தெரிந்த பின்னர், ஒரு குட்டியைத் துணைக்குக் கொண்டுவந்தான். அதன் பெயர் சீரகம். அறுத்த இடத்தில் ரோமம் மறுபடி வளர்ந்து மூடிவிட்டது. விரலால் தடவினால் மெல்லிய கோடு ஒன்று தட்டுப்படும்.

நோட்டில் எழுதுவதை அவன் இன்னும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டையும் நிறுக்கிறான். நான் அங்கே இருந்தால், தராசைப் பார்த்து எண்ணைச் சொல்லும் வேலை எனக்கு. கூண்டுக்குள் கைவிட்டு அவற்றை எடுக்கும் வேலையை மட்டும் அவன் என்னிடம் கொடுப்பதில்லை.