பிழைபட்ட வினாத்தாளும் தீவக இளைஞரும்
(ஊர்காவற்றுறைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நெடுந்தீவுப் பிள்ளையொன்று அரசாங்க சேவைப் போட்டிப் பரீட்சை எழுத வேண்டுமாயின், படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ் வண்டியில் யாழ்ப்பாணம் போக வேண்டும். கடல் கொந்தளிக்கும் காலமாயின் முதல் நாளே புறப்பட வேண்டும். அத்தனை பாடுபட்டு மண்டபத்தில் அமர்பவன் கையிலே பிழைபட்ட தமிழ் வினாத்தாளைக் கொடுத்தால் அவன் யாரிடம் முறையிடுவான்?

இது கற்பனையன்று. 2018 ஆம் ஆண்டு இந்தியாவில் நடந்த ‘நீட்’ மருத்துவ நுழைவுத் தேர்வின் தமிழ்த் தாளில் 49 வினாக்கள் மொழிபெயர்ப்பிலே பிழைபட்டன என்று வழக்குத் தொடரப்பட்டது. சிறுத்தை என்றிருக்க வேண்டிய இடத்தில் ‘சீத்தா’ என்றிருந்ததாம்! ஐயம் எழுந்தால் ஆங்கில மூலமே முடிவானது என்றனர் தேர்வை நடத்தியோர். அவ்வாறாயின் தமிழில் அச்சிட்டது எதற்காக? சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வினாவுக்கு 4 வீதம் 196 புள்ளிகளைத் தமிழில் எழுதியோருக்கு வழங்கப் பணித்தது. அவ்வாண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. தமிழர் என்பதற்காக நாம் ஒன்றை மறைக்கப் போவதில்லை. விடை அறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும் ஒருசேர அள்ளிக் கொடுக்கும் புள்ளியும் நீதியன்று.

நம் நாட்டில் 1988 இன் 16 ஆவது திருத்தத்துக்குப் பின், அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை பொதுச் சேவைப் பரீட்சையைத் தமிழில் எழுதும் உரிமையைத் தருகிறது. பிழைபட்ட தமிழில் வினவுவது தமிழில் பரீட்சிப்பதாகாது என்பதே எமது வாதம். ஆயின், அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் கொழும்பிலே தாக்கல் செய்தாக வேண்டும். பெறுபேறு வரட்டும், பார்ப்போம் என்றிருப்போர் இங்கேதான் தோற்கின்றனர். அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறையிடுங்கள். விசாரணை நிலுவையிலுள்ள காலம் அக்கணக்கில் சேராதென 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது.

மறுபரீட்சை வைத்தால் போயிற்று என்பர் தலைநகரில் இருப்போர். கடற்றொழிலாளியின் மகனுக்கு அது இன்னொரு கடற்பயணம், இன்னொரு வழிச்செலவு. நாம் கேட்பது வேறு. மூன்று மொழித் தாள்களையும் ஒப்பிட்டு, பிழைபட்ட வினாவை மூன்று மொழியினருக்கும் ஒருங்கே நீக்குங்கள். பெறுபேற்றுக்கு முன்னரே அதனை அறிவியுங்கள்.

இளைஞர்களே, வினாத்தாளைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களாயின், படகேறு முன்னரே பிழையான வினாவின் இலக்கத்தையும் சொற்களையும் நினைவிலிருந்து எழுதி, திகதியிட்டு ஒப்பமிடுங்கள். உடன் எழுதிய இருவரின் ஒப்பமும் இருக்கட்டும். அத்தாளுடன் எம்மிடம் வாருங்கள், கட்டணம் வாங்கமாட்டோம்.