குடுவைச் செடியின் வழுக்கல்

பினாங்குக் கொடிமலைக்குப் போனவர்கள் குடுவைச் செடியைப் பார்த்திருப்பீர்கள். மலாய்க்காரர்கள் பெரியோக் கெரா என்பார்கள். அங்கே வளரும் ஒரு வகைக்கு வாய்க்குக் கீழே வெள்ளை வளையம் உண்டு. கறையான்கள் அதை மேய வந்து உள்ளே விழும். நமக்கு வேண்டியது அதற்கும் மேலே உள்ள விளிம்பு. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிப்பள்ளங்கள். மழையோ பனியோ பட்டால் தண்ணீர் அவற்றில் மெல்லிய படலமாகப் பரவி நிற்கும். எறும்பு கால் வைத்தால் பிடிமானம் கிடையாது, நேரே குடுவைக்குள்தான். விளிம்பு காய்ந்திருந்தால் அதே எறும்பு சாவகாசமாக நடந்து போய்விடும்!

இதைப் பார்த்துத்தான் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோஆன்னா ஐசன்பெர்க் குழுவினர் 2011இல் ஒரு வழுக்குப் பரப்பைச் செய்தார்கள். நுண்துளைகள் உள்ள பொருளில் எண்ணெய் போன்ற திரவத்தை ஊற வைத்தார்கள். அதன்மேல் வேறு எந்தத் துளியும் ஒட்டாமல் வழுக்கி ஓடியது.

சரி, இதற்கும் நம் ஊரான புக்கிட் தெங்காவுக்கும் என்ன தொடர்பு? காற்றிலிருந்து தண்ணீர் எடுக்க இந்த வழுக்கல் உதவலாம், இங்கே காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமுமில்லை. 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள பொழுதில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். ஒரு படுக்கையறைக் காற்றிலேயே ஏறத்தாழ ஒரு லிட்டர்! ஆனால் சிலி நாட்டுப் பாலைவனத்தில் மூடுபனியைப் பிடிக்கக் கட்டும் வலையை இங்கே கட்டிப் பயனில்லை. நம் சமவெளியில் இருப்பது பெரும்பாலும் நீராவி. குளிர்ந்த தகடு கிடைத்தால்தான் அது துளியாகும்.

துளியானதும் அடுத்த தொல்லை. அது தகட்டிலேயே உட்கார்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். குளிரும் மேலே வராது. பழைய துளி விழுந்தால்தான் புதியது பிறக்கும். அதனால் 2016இல் அதே குழு மூன்று உயிர்களிடம் கடன் வாங்கியது: நமீபியப் பாலைவன வண்டின் முதுகுப் புடைப்பு, கள்ளி முள்ளின் சரிவு, நம் குடுவைச் செடியின் வழுக்கல். புடைப்பின் உச்சியில் துளி சீக்கிரம் பருக்கிறது, சரிவு கீழே இழுக்கிறது, வழுக்கல் விட்டுவிடுகிறது. ஒரு குறை, ஓடும் துளியோடு எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். வருடக்கணக்கில் வெயிலில் நிற்க வேண்டிய கருவிக்கு அது சின்னக் குறையல்ல.

இப்போதைக்கு நம் வீட்டில் காற்றிலிருந்து தண்ணீர் எடுப்பது ஏர்கோன்தான். குழாயில் சொட்டுவதை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றலாம், தரை துடைக்கலாம். குடிக்க வேண்டாம், உள்தகட்டில் தூசியும் கிருமியும் சேர்ந்திருக்கும்.