சிறுநீர் அடிக்கடி பிரிவது ஏன்?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

  

வெளியில் சொல்லப் பலரும் கூச்சப்படும் ஒரு தொல்லையைப் பற்றிப் பேச வந்துள்ளேன். சிறுநீர் அடிக்கடி பிரிவதால் ஜும்ஆவில் வாசலோரமாகவே நிற்பவர்கள் உண்டு. தராவீஹுக்கு வருவதை நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. "வயதானால் இப்படித்தான்" என்று அவர்கள் இருந்துவிடுகிறார்கள். காரணத்தைக் கண்டறிந்தால் பெரும்பாலும் நிவாரணம் உண்டு என்பதே நான் கூற விரும்பும் செய்தி.

சாதாரணமாக ஒருவர் விழித்திருக்கும் நேரத்தில் ஏழெட்டு முறை வரை சிறுநீர் கழிப்பார். அதற்கு மேல் போனாலோ, இரவில் இரண்டு மூன்று முறை எழ நேர்ந்தாலோ காரணத்தை ஆராய வேண்டும்.

முதலில் கவனிக்க வேண்டியது நீரிழிவு. இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போது அது சிறுநீரில் கலந்து வெளியேறுகிறது. கூடவே தண்ணீரையும் இழுத்துச் செல்கிறது. எனவே ஒவ்வொரு முறையும் நிறையப் போகும், தாகமும் மிகும், உடல் மெலியும்.

ஐம்பது வயதைக் கடந்த ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்குவது இரண்டாவது காரணம். சிறுநீர் வரத் தாமதமாகும், வேகம் குறையும், முழுவதும் போகாமல் பையில் தங்கும். தங்கியதால் சற்று நேரத்தில் மீண்டும் போகத் தோன்றும்.

மூன்றாவது, சிறுநீர்ப்பாதைக் கிருமித் தொற்று. எரிச்சலுடன் சிறிது சிறிதாகப் போகும். பெண்களின் சிறுநீர்க்குழாய் நீளம் குறைந்தது. ஆதலால் அவர்களுக்கு இது அதிகம் வருகிறது. கருவுற்ற பெண்கள் இதை அலட்சியம் செய்யலாகாது.

இவையன்றி சிறுநீர்ப்பையின் மிகை இயக்கம், கல், மலச்சிக்கல், அளவுக்கு மீறிய தேநீர் ஆகியவையும் காரணமாகலாம். இரத்த அழுத்தத்திற்கும் கால் வீக்கத்திற்கும் தரப்படும் நீர் பிரியும் மாத்திரைகளும், டபாக்லிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளும் சிறுநீரை அதிகப்படுத்தும். அவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது. எந்த நேரத்தில் உட்கொள்வது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உளூ நிலைக்காதே என்று அஞ்சித் தண்ணீரைக் குறைப்பது பெருந்தவறு. சிறுநீர் அடர்ந்து பையை உறுத்தும். தொற்றுக்கும் கல்லுக்கும் வழிவகுக்கும். பகலில் போதுமான அளவு பருகி, உறங்குவதற்கு முன் இரண்டு மணி நேரம் குறைத்துக்கொள்ளலாம். இதயம், சிறுநீரக நோயாளிகள் மருத்துவர் கூறிய அளவையே பின்பற்ற வேண்டும்.

மூன்று நாட்கள், எத்தனை முறை, எவ்வளவு போகிறது என்று குறித்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை, இரத்தச் சர்க்கரை, தேவையானால் வயிற்று ஸ்கேன் ஆகியவற்றிலேயே பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும். சிறுநீரில் இரத்தம், குளிர் காய்ச்சல், அறவே சிறுநீர் வராமை ஆகியவை கண்டால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

மார்க்கம் நம்மைச் சிரமப்படுத்தவில்லை. சிறுநீரை அடக்கிக்கொண்டு தொழுவதை அது விரும்புவதில்லை. போய்விட்டு, உளூச் செய்து தொழுவதே நலம். அடிக்கடி போவது வேறு. அடக்க முடியாமல் தொடர்ந்து கசிவது வேறு. தொடர்ந்து கசிபவர்களுக்குத் தனிச் சலுகை உண்டு. தொழுகை நேரம் வந்தபின் உளூச் செய்து தொழலாம். மத்ஹபு வாரியான விவரங்களை நம் ஹஜ்ரத் அவர்களிடம் தயங்காமல் கேளுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தந்தை இரவில் பலமுறை எழுந்தால், இருட்டில் வழுக்கி விழாதிருக்க ஒரு விளக்கை எரியவிடுங்கள். மறுநாளே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கூச்சத்தால் பள்ளிக்கு வராமலிருக்கும் பெரியவர்கள் மீண்டும் நம்முடன் வரிசையில் நிற்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.