ஒப்புரவும் ஈகையும்



வள்ளுவப் பெருந்தகை இல்லறத்தார்க்குரிய கடமைகளைக் கூறுங்கால், ‘ஒப்புரவறிதல்’ என்றோர் அதிகாரமும் அதனையடுத்து ‘ஈகை’ என்றோர் அதிகாரமும் வகுத்தருளினார். இரண்டும் கொடுத்தலைப் பற்றியனவே. எனினும் இரண்டும் ஒன்றல்ல. ஊரார் அனைவர்க்கும் பயன்பட வாழ்வது ஒப்புரவு. இல்லாதவர்க்கு அவர்தம் குறையறிந்து அளிப்பது ஈகை. இவ்விரு அறங்களையும் ஓரிடத்தே காண விழைவோர், அரியலூர் மாவட்டத்திலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்திற்குச் செல்லுதல் வேண்டும்.

முதலாம் இராசேந்திர சோழன் தன் படையை வடபுலத்திற்கு அனுப்பிக் கங்கைநீர் கொணர்வித்தான். வென்ற மன்னர் கல்லில் வெற்றித்தூண் நாட்டுவது அக்கால வழக்கம். அவனோ தன் புதிய தலைநகரின் அருகே பேரேரி ஒன்றை அமைத்துச் சோழகங்கம் எனப் பெயரிட்டான். திருவாலங்காட்டுச் செப்பேடுகள் அவ்வேரியை நீராலாகிய வெற்றித்தூண் என்றே போற்றுகின்றன. கல்தூண் நட்டவனுக்கு மட்டுமே புகழ் தரும். ஏரியோ உழவனின் வயலுக்கும், ஆநிரையின் தாகத்திற்கும், பறவைக்கும் உதவும். ஒப்புரவாளனின் செல்வத்திற்கு நீர் நிறைந்த ஊருணியை வள்ளுவர் உவமையாக்கியதன் பொருள் இங்கே விளங்கும். இன்று அவ்வேரி பொன்னேரி என வழங்குகிறது.

இனி, ஈகை. அவ்வூரின் பிரகதீசுவரர் திருக்கோயிலில் எழுந்தருளியுள்ள சிவலிங்கத் திருமேனி ஏறத்தாழ 13 அடி உயரமுடையது. ஐப்பசித் திங்கள் பௌர்ணமியன்று அத்திருமேனி முழுவதும் அன்னத்தால் மூடப்பெறுகிறது. மூட்டை மூட்டையாக அரிசி வந்து குவிகிறது. அடுப்புகள் பல எரிகின்றன. அபிடேகம் நிறைவுற்றதும் அவ்வன்னமே அன்பர்க்குப் பிரசாதமாக வழங்கப்படுகிறது. எஞ்சியது நீர்நிலைகளில் மீன்களுக்கு இடப்படுகிறது. இறைவன் தனக்கென எதனையும் வைத்துக்கொள்வதில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மூட்டை அரிசி அளித்த செல்வரும், வெறுங்கையுடன் வந்த ஏழையும் ஒரே வரிசையில் நின்று கையேந்துகின்றனர். எந்தப் பருக்கை யார் கொடுத்தது என்பதை எவரும் அறியார். கொடுத்தவர்க்குச் செருக்கில்லை, பெற்றவர்க்கு நாணமில்லை. ஈகை இவ்வாறே இருத்தல் வேண்டும்.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் வானம் பார்த்த நிலங்கள் மிகுதி. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் மழையையும் சந்தை விலையையும் நம்பியே விளைகின்றன. மழை பொய்த்த ஆண்டில், நேற்றுவரை பிறர்க்கு இட்ட கை இன்று வெறுங்கையாகிறது. அத்தகையோர் வாய்திறந்து கேளார். பிள்ளையின் பள்ளிச் செலவிற்கும் முதியவரின் மருந்திற்கும் உள்ளுக்குள் கலங்குவர். “கேட்டால் கொடுப்போம்” என்று காத்திருப்பது அறமாகாது. குறிப்பறிந்து, பிறர் அறியாவண்ணம் சென்று உதவுவதே அறம்.

தமிழகத் திருக்கோயில்களில் 2002ஆம் ஆண்டு அன்னதானத் திட்டம் தொடங்கப்பெற்றது. பிறந்தநாள், திருமண நாள்களில் அதற்கு நன்கொடை அளிப்பது நற்செயல். ஆயின் அறம் கோயில் வாயிலோடு முடிவதன்று. தெருக்கோடி வீட்டில் அடுப்பு எரிகிறதா எனக் காண்பதும் வழிபாடே. ஏரிக்கு நீர்வரும் வாய்க்காலை ஆக்கிரமியாதிருப்பதும், குப்பை கொட்டித் தூர்க்காதிருப்பதும் வழிபாடே.

அன்னத்தை ஏற்று அனைவர்க்கும் பகிர்ந்தளிக்கும் பரம்பொருளின் திருவருள், பகிர்ந்துண்ணும் நெஞ்சை யாவர்க்கும் அருளுவதாக!