விதியும் மனச்சாட்சியும்

கணக்காளரின் தொழிலுக்கு எண்ணறிவு மாத்திரம் போதாது, நாணயமும் வேண்டும். உலகின் பல நாட்டுக் கணக்காளர் ஏற்றுள்ள ஒழுக்கக்கோவை ஐந்து தத்துவங்களை வகுத்திருக்கின்றது. நேர்மை, நடுநிலைமை, தகுந்த தேர்ச்சியும் கவனமும், இரகசியம் பேணல், தொழிலுக்குரிய நடத்தை என்பன அவை. இக்கோவையைக் கணினிக்கு விளங்கும் செய்நிரலாக எழுதிவிட்டால், தவறு நேருமுன்பே இயந்திரம் தடுத்துவிடாதா என்று நேயர்களிற் சிலர் கேட்கக்கூடும்.

இது வெறுங் கற்பனையன்று. 1986ஆம் ஆண்டில் இலண்டன் இம்பீரியல் கல்லூரி அறிஞர்கள், பிரித்தானியப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பெரும் பகுதியை ‘புரோலொக்’ என்னும் கணினி மொழியில் எழுதிக் காட்டினர். இன்ன நிபந்தனைகள் நிறைவேறின் இவர் பிரசை என்று அது முடிவு கூறியது.

கணக்காளர் கோவையிலும் அவ்வாறு எழுதத்தக்க விதிகள் உண்டு. பொதுமக்கள் நலன் சார்ந்த நிறுவனமொன்றின் கணக்காய்வுக்குத் தலைமை தாங்கும் பங்காளர் 7 ஆண்டுகளுக்குமேல் அப்பணியில் நீடித்தலாகாது. பின்னர் 5 ஆண்டுகள் விலகியிருத்தல் வேண்டும். அத்தகைய ஒரு வாடிக்கையாளர் செலுத்தும் கட்டணம், கணக்காய்வு நிறுவனத்தின் மொத்தக் கட்டண வருமானத்தில் 15 சதவீதத்தைத் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் தாண்டுமாயின், தக்க பாதுகாப்பு வேண்டும். இவற்றை எண்ணுதல் இயந்திரத்துக்கு எளிது. அது மறவாது, முகம் பாராது.

எனினும் அமெரிக்காவில் நடந்த ஒன்றை இவ்வளவுகோலால் அளந்து பார்த்தல் தகும். என்ரோன் கம்பனியிடமிருந்து ஆதர் அண்டர்சன் நிறுவனம் 2000ஆம் ஆண்டிற் பெற்ற கட்டணம் ஏறக்குறைய 52 மில்லியன் டொலர். அதிற் பாதிக்குமேல் கணக்காய்வல்லாத பணிகளுக்குரியது. உலகெங்கும் பரந்த அந்நிறுவனத்தின் வருமானத்தில் இது 1 சதவீதமும் ஆகாது. செய்நிரல் ‘குற்றமில்லை’ என்றே விடையிறுத்திருக்கும். ஆனால் ஹூஸ்டன் அலுவலகத்துக்கோ என்ரோன் இழக்கவொண்ணாத வாடிக்கையாளர். 2001 டிசெம்பரில் என்ரோன் வங்குரோத்தடைந்தது. ஆயிரக்கணக்கான ஊழியர் வேலையையும் ஓய்வுகாலச் சேமிப்பையும் இழந்தனர். 2002இல் அண்டர்சன் கணக்காய்வுத் தொழிலையே கைவிட நேர்ந்தது.

சுயநலம், நெருங்கிய பழக்கம், அச்சுறுத்தல் ஆகியன தீர்ப்பைச் சாய்க்கும் என்று கோவை எச்சரிக்கின்றது. விடயமறிந்த நியாயமான மூன்றாமவர் ஒருவர் இதனை எங்ஙனம் மதிப்பார் என்று சிந்திக்குமாறும் பணிக்கின்றது. நெருக்கத்தை எந்த எண்ணால் அளப்பது? எல்லை 15 என்றறிந்தவன் 14இல் நின்றுகொள்ளவும் பழகுவான்.

ஆதலின் இயந்திரம் நல்ல காவற்காரனாகலாம். ஆயினும் வீட்டாரே கதவைத் திறந்துவிட்டால் காவற்காரன் என் செய்வான்? கணக்கறிக்கையின் அடியிற் கையொப்பமிடுபவர் மனிதரே. அக்கையொப்பத்துக்குப் பொறுப்பாளியும் அவரே.