தூரமும் நேரமும்



இரண்டு நகரங்களுக்கிடையே எவ்வளவு தூரம், ஆகாய விமானத்தில் செல்ல எவ்வளவு நேரம் என்று கேட்டால், பள்ளிப் பிள்ளைகள் உடனே பலகையை எடுப்பர். தூரத்தை வேகத்தால் வகுத்தால் விடை வந்துவிடும் அன்றோ? பல்லாண்டுகள் பூகோளம் கற்பித்தவன் என்ற முறையில், அந்தக் கணக்குக்குள் மறைந்திருக்கும் ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறேன். பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியையும் ஜப்பானின் தலைநகரான டோக்கியோவையும் எடுத்துக்கொள்வோம்.

சுவரில் தொங்கும் தேசப்படத்தில் இவ்விரண்டையும் நேர்கோட்டால் இணைத்தால், அக்கோடு கஜகஸ்தான், மங்கோலியா வழியே செல்லும். ஆனால் பூமி தட்டையன்று. உருண்டையான பூகோளத்தின்மீது ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அது வடகிழக்கே ஏறி, ஆர்க்டிக் வட்டத்தை எட்டி, சைபீரியாவைக் கடந்து, பிறகே தெற்கு நோக்கி இறங்கும். படத்தில் வளைந்ததாகத் தோன்றும் அவ்வழியே உண்மையில் குறுகிய வழி. அதன் நீளம் ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் 8 மணி 40 நிமிடம் ஆகும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் ஒன்பதரை மணி எனலாம்.

குளிர்காலத்தில் டோக்கியோக் கடிகாரம் 7 மணி நேரம் முந்தி ஓடும். ஆகவே மாலை 5 மணிக்குப் புறப்பட்டவர், மறுநாள் காலை 9.30 மணிக்கு அங்கே இறங்குவார். இதுவரை கணக்கு நேர்மையானது.

நிற்க. 1983-ஆம் ஆண்டு பின்லாந்தின் பின்னேர் நிறுவனம் இவ்விரு நகரங்களுக்கிடையே இடைநில்லா விமானத்தைத் தொடங்கியபோது, பயணம் ஏறத்தாழ 13 மணி நேரம் பிடித்தது. சோவியத் நாட்டின் வானத்தைக் குறுக்கே கடக்க இசைவில்லாமையால், விமானம் வட துருவத்தின் மேலாகச் சுற்றிச் சென்றது. பின்னர் சைபீரிய வானம் திறந்தது. பயணம் ஒன்பதரை மணியாகச் சுருங்கிற்று. ஆசியாவுக்கு அருகிலுள்ள ஐரோப்பிய வாயில் என்ற பெருமையால் ஹெல்சிங்கி விமான நிலையம் செழித்தது.

2022 பிப்ரவரியில் உக்ரைன்மீது ருஷ்யா படையெடுத்தது. ஐரோப்பிய நாடுகள் ருஷ்ய விமானங்களுக்குத் தம் வானத்தை மூடின. ருஷ்யாவும் பின்லாந்து உள்ளிட்ட 36 நாடுகளுக்குத் தன் வானத்தை மூடிற்று. மறு மாதமே டோக்கியோ விமானங்கள் வட துருவத்தைச் சுற்றியோ, தெற்கே துருக்கி, கஜகஸ்தான் வழியாகவோ செல்லலாயின. மீண்டும் 13 மணி நேரம்! எரிபொருளும் செலவும் கூடின. செழிப்புக்குக் காரணமான அருகாமை கைநழுவிற்று.

ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வானத்தில் முழு உரிமை உண்டென்பது 1944-ஆம் ஆண்டுச் சிகாகோ ஒப்பந்தத்தின் முதல் விதி. கடலுக்குள்ள பொதுமை நாடுகளின் மேலுள்ள வானத்துக்கு இல்லை.

நூலின் நீளம் மாறவில்லை, நகரங்களும் நகரவில்லை. விமானங்களின் வேகமும் குறையவில்லை. ஆயினும் மூன்றரை மணி நேரத் தொலைவு புதிதாக முளைத்தது. அதை முளைக்கச் செய்தது பகைமை. ஆதலால், ஆசிரிய நண்பர்களே, தூரத்தையும் வேகத்தையும் தந்து நேரத்தைக் கேட்கும்போது, "யாருடைய இசைவோடு, எவ்வழியே?" என்ற வினாவையும் சேர்த்துக் கேளுங்கள். அண்டை நாடுகளின் நல்லுறவும் ஒரு வழித்தடமே என்பதைப் பிள்ளைகள் அப்போது அறிவர்.